கர்ப்ப காலத்தில் வாசனைத் தைலம் கலந்த க்ரீம் தடவலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். தலைச்சன் பிள்ளை, ஐந்தாம் மாதம் நடக்கிறது. ராத்திரி லாவண்டர் க்ரீம், காலையில் டீ ட்ரீ ஃபேஸ்வாஷ், வயிற்றில் கோடு விழாமல் இருக்க நாத்தனார் ஓசூரிலிருந்து வாங்கி வந்த கைத்தயாரிப்பு எண்ணெய், இடுப்பு வலிக்கு அம்மா கொடுத்தனுப்பிய வலித் தைலம். "எசென்ஷியல் ஆயில் பட்டாலே கரு கலைஞ்சிடும், எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்று ஓரகத்தி சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டதாம். இவ்வளவு நாள் தடவியதில் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்பதுதான் கேள்வி.

தடவியதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். எசென்ஷியல் ஆயில் எனப்படும் இந்த வாசனைத் தைலங்களால் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து வந்ததாக மருத்துவத்தில் பதிவானவை பெரும்பாலும் தைலத்தைக் குடித்ததால் வந்தவை. கருவைக் கலைக்க வேண்டும் என்றே குடித்தவர்களும் அதில் உண்டு. பென்னிராயல் என்ற ஒரு புதினா வகைத் தைலத்தைக் குடித்து ஈரல் கெட்டு உயிர் போனவர்கள் உண்டு. க்ரீமில் கலந்திருக்கும் லாவண்டரை அதோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆனால் உங்கள் பட்டியலில் ஒன்றை இன்றைக்கே நிறுத்தச் சொல்வேன். லாவண்டரும் டீ ட்ரீயும் இல்லை. வீட்டில் யாருமே சந்தேகப்படாத அந்த வலித் தைலம்.

நான் டாக்டர் இல்லை. கிருஷ்ணகிரியில் மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். எந்தப் பொருளில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தக் கண்ணோடுதான் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், பாதாம் எண்ணெய் எல்லாம் ஒரு ரகம். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டால் மறுநாளும் பிசுக்கு அப்படியே இருக்கும். யூகலிப்டஸ், லாவண்டர், லெமன்கிராஸ், கிராம்புத் தைலம் போன்றவை வேறு ரகம். ஆவியில் காய்ச்சி வடித்தவை. தாளில் விட்டால் மணத்தை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும், கறை பெரிதாக நிற்காது. இவற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, கொழுப்பில் கரைபவை. அதனால் தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும், ரத்தத்திலும் கலக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடமும் போகும் என்று எடுத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அப்படிப் போவது எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகத்துக்கு ஒரு தடவைக்கு அரை கிராம் க்ரீம் எடுக்கிறீர்கள். அதில் வாசனைத் தைலம் அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் தோலில் படுவது 2.5 மில்லிகிராம். அதிலும் பாதிக்கு மேல் காற்றில் போய்விடும். வயிற்று எண்ணெய்க்கு வாருங்கள். வயிறு, இடுப்பு, தொடை என்று 10 மில்லி தேய்க்கிறீர்கள். கைத்தயாரிப்பில் 3 சதவீதம் கலந்திருந்தால் 300 மில்லிகிராம். முகத்தில் பட்டதைப் போல 120 மடங்கு. அதோடு பரந்த இடம், தேய்த்துவிடும் சூடு, மேலே சேலைக்கட்டு, ராத்திரி முழுக்கத் தோலில் தங்கல். பெயரில் இரண்டுமே எசென்ஷியல் ஆயில்தான், உடம்புக்குப் போவது வேறு வேறு. ஃபேஸ்வாஷ் கணக்கு இன்னும் கீழே. அரை நிமிஷம் நுரைத்துக் கழுவிவிடுகிறீர்கள், தங்குவது ஒன்றுமில்லை.

ஆகவே டீ ட்ரீ ஃபேஸ்வாஷைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பருவுக்கு என்று டீ ட்ரீ எண்ணெயை நேராகத் தொட்டு வைப்பது மட்டும் வேண்டாம். எரிந்து சிவந்து கரும்புள்ளிதான் மிச்சமாகும். மூடி திறந்து பல மாதம் ஆன பாட்டில் இன்னும் மோசம். காற்றுப் பட்டால் அந்த எண்ணெய் மாறி, அலர்ஜி கிளப்பும் பொருள்கள் அதில் கூடும். லாவண்டரில் உள்ள லினலூலுக்கும், எலுமிச்சை ஆரஞ்சுத் தைலங்களில் உள்ள லிமோனீனுக்கும் இதே குணம் உண்டு.

லாவண்டர் க்ரீம் உங்கள் இஷ்டம். ஐந்தாம் மாதத்தில் முகத்துக்கு மட்டும் என்றால் நான் தடுக்க மாட்டேன். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதத்தில் யாராவது கேட்டால், தோலில் தங்கும் வாசனைப் பொருள் எதுவும் வேண்டாம், மணமில்லாத சாதா மாய்ஸ்சரைசர் போதும் என்பேன். விட்டால் நஷ்டமில்லாத பொருளுக்கு எதற்கு ரிஸ்க்? எப்படியும் அந்த மாதங்களில் பாதிப் பேருக்குச் சோப்பு வாசனையே குமட்டும்.

வயிற்று எண்ணெயையும் நிறுத்திவிடுங்கள். அதில் ரோஸ்மேரி, கிளாரி சேஜ் என்ற இரண்டு மூலிகைத் தைலங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ரோஸ்மேரித் தைலத்தில் சில வகைகளில் கற்பூரச் சத்து அதிகம். கிளாரி சேஜ் பிரசவ வலியைத் தூண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கான ஆதாரம் பலமானதில்லை. இருந்தாலும் 37 வாரம் முடியும் வரை அதைத் தொடாமல் இருப்பதே பொதுவான வழக்கம். எத்தனை சதவீதம் என்று பாட்டிலில் இல்லை என்கிறீர்கள், அது ஒன்றே எனக்குப் போதும். வீட்டில் கலப்பவர்கள் சொட்டுக் கணக்கில்தான் தப்பு செய்கிறார்கள். சுமார் 20 சொட்டு ஒரு மில்லி. கர்ப்ப காலத்துக்கு 1 சதவீதம் என்ற உச்சவரம்பை வைத்தால் 30 மில்லி பாட்டிலுக்கு ஆறே சொட்டுதான். "மணமே வரலியே" என்று முப்பது சொட்டு விட்டால் 5 சதவீதம் ஆகிவிடும்.

இன்னொன்று, வயிற்றுக் கோட்டைத் தடுக்கும் என்று நம்பகமாக நிரூபிக்கப்பட்ட க்ரீமோ எண்ணெயோ இன்றுவரை இல்லை. 2012இல் காக்ரேன் அமைப்பு இருந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து இந்த முடிவுக்குத்தான் வந்தது. கோடு விழுவது பரம்பரை, வயது, எடை கூடும் வேகம் சார்ந்தது. இழுக்கும் தோலுக்கு இதமாக இருக்க வேண்டுமானால் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருப்பதால் குளித்த பிறகு தோல் வறண்டு அரிப்பதுதான் நிறையப் பேருக்குப் பிரச்சினை. ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவினாலே பாதி சரியாகும்.

இப்போது வலித் தைலம். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். மீத்தைல் சாலிசிலேட், அல்லது ஆயில் ஆஃப் விண்டர்கிரீன், அல்லது கால்தீரியா, ஆயுர்வேதத் தயாரிப்பு என்றால் கந்தபூர தைலம். நாலும் ஒரே சமாசாரம். விண்டர்கிரீன் தைலத்தில் 98 சதவீதம் அளவுக்கு மீத்தைல் சாலிசிலேட்தான். ஒரு டீஸ்பூன் சுத்தமான தைலத்தில் ஏறத்தாழ 7 கிராம் சாலிசிலேட் இருக்கும், இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். தோலில் தடவினாலும் ரத்தத்துக்குப் போகும். தடவிவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால், துணி இறுக்கிக் கட்டினால், இன்னும் அதிகம் போகும். நம் வீடுகளில் செய்வது சரியாக அதைத்தான்.

சாலிசிலேட், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். இந்த வலி மருந்துகளை 20ஆம் வாரத்துக்கு மேல் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் பனிக்குட நீர் குறையும், ஏனென்றால் அந்த வயதில் பனிக்குட நீரே பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே உள்ள ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு. அந்த எச்சரிக்கை முக்கியமாக மாத்திரைகளுக்கானது என்பது உண்மை. ஆனால் இடுப்பு முழுக்க, தினமும் இரண்டு வேளை, ஒத்தடத்தோடு என்றால் மாத்திரைக்கும் தைலத்துக்கும் உள்ள தூரம் குறைந்துகொண்டே வரும். நீங்கள் ஐந்தாம் மாதம், அதாவது அந்த 20 வார வாசலில் நிற்கிறீர்கள். அதனால்தான் இன்றைக்கே என்றேன்.

கடையில் கேட்டால் கொடுக்கும் வலி ஜெல், ஸ்ப்ரே பலவற்றிலும் டைக்ளோஃபினாக்கோடு மீத்தைல் சாலிசிலேட்டும் மென்தாலும் சேர்ந்தே இருக்கும். "மாத்திரை சாப்பிடலைங்க, ஜெல்தான்" என்று சொல்லி வாங்கிப் போகிறவர்களைக் கவுன்ட்டரில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தச் சிக்கல் வராமல் இருக்க டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது. அது வேறு கணக்கு.

எப்போதோ நெற்றியில் பொட்டளவு தலைவலி பாம் வைத்ததற்கு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், முகமோ கையோ வீக்கம் இருந்தால் பாமைத் தேடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் பாருங்கள். இடுப்பு வலியும் அப்படித்தான். விட்டு விட்டு, இறுக்கிப் பிடித்துப் பிடித்து வந்தால் அது தைலம் தேய்த்துச் சரிசெய்யும் வலி அல்ல, நேராக ஆஸ்பத்திரிக்கு. சாதாரண அசதி வலிக்கு மிதமான சூட்டு ஒத்தடம், முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால்.

கற்பூரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரிப்புக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுவது தருமபுரிப் பக்கம் பாட்டிமார் வைத்தியம். கற்பூரம் நஞ்சுக்கொடியைத் தாண்டும். வாய்வழியாகப் போனால் வலிப்பு வரலாம். தோலில் தடவுவதில் அவ்வளவு போகாது என்றாலும், நிறைமாத வயிற்றில் தினமும் தேய்க்க அது எதற்கு? சாமிக்கு ஏற்றும் கற்பூரம் இப்போது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராவது, மருந்துத் தரத்தை அதில் எதிர்பார்க்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த அரிப்புதான். ஆறு ஏழு மாதத்துக்கு மேல் தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் பிய்த்து எடுப்பது போல அரித்தால், ஈரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். தாய்க்கு அரிப்போடு போகும், குழந்தைக்கு ஆபத்து. குறைப்பிரசவம் ஆகலாம், ரத்தத்தில் பித்த அமிலம் மிகவும் கூடிவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பித்த அமில அளவும் ஈரல் பரிசோதனையும் பார்த்தால் தெரிந்துவிடும். மென்தாலும் கற்பூரமும் தடவி அந்த அரிப்பைக் குளுகுளுவென்று மறைத்துக்கொண்டு இரண்டு வாரம் இருந்துவிடுவதுதான் பயம்.

அடுத்து மங்கு. கர்ப்பத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு விழுவது சகஜம், நம்மூர் வெயிலில் இன்னும் அழுத்தமாக விழும். அதைப் போக்க என்று எலுமிச்சை, அதே இனத்துப் பழமான பெர்கமாட் ஆகியவற்றின் தைலம் கலந்த சீரம் விற்கிறார்கள். பழத்தோலைப் பிழிந்தெடுத்த இந்தத் தைலங்களில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து மங்கு இருந்ததைவிடக் கறுக்கும். பெர்கமாட்டுக்கு, தோலில் தங்கும் பொருள்களில் 0.4 சதவீதம்தான் சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு. எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்க்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அந்த சீரம் வேலை செய்யவில்லை என்று அடுத்து எங்கே போகிறார்கள்? பக்கத்து வீட்டு அக்கா பூசும் சின்ன ட்யூப். வாசனைத் தைலத்தைப் பற்றி வீடே பதறுகிறது, அந்த ட்யூபைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்திருக்கும். ஹைட்ரோகுவினோன் தடவியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போகிறது. ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பம், கர்ப்பத்தில் அந்தக் குடும்பமே வேண்டாம். ரெட்டினால் சீரம், பருவுக்கான அடாபலீன் ஜெல்லும் அதில் அடக்கம். பெயர் ஊர் தெரியாத சிவப்பழகு க்ரீம் என்றால் பாதரசம் இருக்க வாய்ப்பு உண்டு. கேரளத்தில் மலப்புரத்தில் 2023இல் சிறுநீரகம் கெட்டு வந்த சிலரை விசாரித்தபோது இப்படிப்பட்ட க்ரீம்கள்தான் கையில் இருந்தன. பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டி வளரும் மூளையைத் தொடும். மங்கு பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாக வெளுக்கும். அதுவரை சன்ஸ்கிரீனும் குடையும் போதும். துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனாகப் பாருங்கள்.

லேபிளில் என்ன பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். விற்பனைக்கு என்று தயாரித்தால், வீட்டில் செய்தாலும் உரிமம் வேண்டும் என்பது சட்டம். 2020இல் வந்த அழகுசாதன விதிகளின்படி தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, உள்ளே இருக்கும் பொருள்கள் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பொருள்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்கும். வாசனைத் தைலம் கடைசியில் நின்றால் சரி, நாலாவது ஐந்தாவது இடத்திலேயே நின்றால் யோசியுங்கள். "எசென்ஷியல் ஆயில் இல்லை" என்று முன்பக்கம் போட்டிருந்தாலும் பின்பக்கம் லினலூல், லிமோனீன், சிட்ரால், ஜெரானியால் இருந்தால் வாசனை ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. விலையும் ஒரு சாட்சி. ஒரு கிலோ ரோஜாத் தைலத்துக்கு மூன்றாயிரம் கிலோவுக்கு மேல் டமாஸ்க் ரோஜா இதழ் வேண்டும். 10 மில்லி 150 ரூபாய்க்கு "சுத்தமான ரோஸ் எசென்ஷியல் ஆயில்" என்றால் அதில் ரோஜா இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூர்ப் பண்ணை ரோஜா பூங்கொத்துக்குப் போகிற ரகம், "நம்ம ஓசூர் ரோஜாவில் எடுத்தது" என்பதை நம்பாதீர்கள்.

எந்த அளவிலும் வேண்டாத தைலங்கள் சில உண்டு. பென்னிராயல், சாதா சேஜ், மாசிபத்திரி இனத்து வார்ம்வுட், பார்ஸ்லி விதை, அருவதா, வசம்பு. வசம்புத் தைலத்தில் உள்ள அசரோன் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியது, இந்திய வசம்பில் அது மிக அதிகம். வளைகாப்புக்கு அரைக்கும் நலங்கு மாவில் வசம்பு கொஞ்சம் சேர்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். ஒரு நாள் பூசிக் கழுவும் மாவுக்கும் தைலத்துக்கும் சம்பந்தமில்லை, சந்தோஷமாகப் பூசிக்கொள்ளுங்கள். தலையில் மல்லிகை, மரிக்கொழுந்து வைப்பதும் அப்படியே.

கொசுவுக்குச் சிட்ரோனெல்லா, லெமன்கிராஸ் தடவலாமா என்று கேட்பவர்களுக்கு: அவை கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும், பிறகு கொசு கடிக்கும். டெங்கு காலத்தில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வருவது எந்த க்ரீமையும்விட மோசம். கொசுவலையும், லேபிளில் சொன்னபடி தடவும், டீட் என்ற கொசுவிரட்டி கலந்த க்ரீமும் மேல்.

பிரசவம் ஆன பிறகு இந்தப் பாட்டில்கள் எதையும் குழந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சளிக்கு என்று யூகலிப்டஸ் தைலத்தைக் கைக்குட்டையில் விட்டுப் பச்சைக் குழந்தையின் மூக்கருகே வைப்பது, நெஞ்சில் மென்தால் பாம் தேய்ப்பது இரண்டும் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். நீங்களும் மார்பில் வாசனை க்ரீம் எதுவும் தடவாதீர்கள், பால் குடிக்கும்போது நேரே வாய்க்குத்தான் போகும். குழந்தைக்குத் தேய்த்துவிட வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும். உங்கள் அம்மாவின் வலித் தைலத்தைக் குழந்தைக்குக் கை எட்டாத பரணில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். தவழும் பிள்ளை ஒரு மடக்குக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.